முதல் கார் வாங்கப் போகிறவருக்கு: செங்கோட்டைப் பக்கத்திலிருந்து சில கணக்குகள்

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரத்தில் பழைய கார் தேடுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் மலையைத் தாண்டிக் கேரளத்துப் புனலூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். மாடலும் ஆண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் டிஎன் 76 பலகை மாட்டிய வண்டிக்கு ஒரு விலையும் கேஎல் 25 பலகை மாட்டிய வண்டிக்கு அதைவிட இருபதாயிரமோ முப்பதாயிரமோ குறைத்து இன்னொரு விலையும் புரோக்கர் சொல்வார். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். சொந்தபந்தம், சந்தை, வேலை எல்லாம் இன்றும் இரு பக்கமும் கலந்தே கிடக்க, வண்டிப் பதிவு மட்டும் அந்த எல்லைக் கோட்டை மறப்பதே இல்லை.

என் சித்தப்பா மகன் தன் முதல் காரை அப்படித்தான் வாங்கினான். விலையில் இருபத்தைந்தாயிரம் மிச்சம் என்று மகிழ்ந்தான். விற்றவர் அந்த வண்டியின் மேல் ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனை அடைத்திருந்தார். ஆனால் ஆர்சி புத்தகத்திலிருந்த கடன் குறிப்பை நீக்காமல் விட்டிருந்தார். அந்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கவும், அதன் பிறகு வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றப் பதிவு அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று வாங்கவும் ஐந்து மாதம் அலைந்தான். பேருந்துக் கட்டணம், விடுப்பு எடுத்த நாட்களின் கூலி, இங்கே கட்டிய வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது மிச்சமான இருபத்தைந்தாயிரம் இருந்த இடம் தெரியவில்லை. ஆகவே முதல் கார் வாங்குகிறவர் விற்பனை விலையை விட்டுவிட்டு, அந்த வண்டி தம் கைக்கு வந்து முதல் பன்னிரண்டு மாதம் ஓட மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட வேண்டும். விலை, பெயர் மாற்றம், வரி, டயர், பேட்டரி, முதல் சர்வீஸ், இன்சூரன்ஸ் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே வண்டியின் உண்மையான விலை. கையில் மூன்று லட்சம் இருந்தால் வண்டிக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது என் கணக்கு.

முதலில் காகிதம்

வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்சி புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் வண்டியைப் பார்த்து மனம் அதில் போய்விட்டால் காகிதத்தில் உள்ள குறை கண்ணுக்குத் தெரியாது. பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பதிவு எண்ணைப் போட்டால் பதிவு செய்த தேதி, எரிபொருள், தகுதிச் சான்றின் முடிவு நாள், இன்சூரன்ஸ் முடிவு நாள், கடன் குறிப்பு ஆகியவை வரும். இ-சலான் பக்கத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிட வேண்டும். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலையோரக் கேமராக்கள் தாமாகவே அபராதம் போடுகின்றன. விற்பவருக்கே தெரியாமல் நாலைந்து சலான் சேர்ந்திருக்கலாம், அவை தீராமல் தடையில்லாச் சான்று நகராது.

கேரளப் பதிவு வண்டியை இங்கே வைத்து ஓட்டப் போகிறவருக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பதிவு செய்த அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வர வேண்டும். பிறகு இங்கே வண்டியின் வயதுக்கு ஏற்ற வரியைக் கட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மிச்சமுள்ள பகுதியைத் திரும்பப் பெறத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் வரும்போது வரட்டும் என்று நினைத்து, கணக்கில் சேர்க்காமல் விலை பேசுவதே பத்திரம். தடையில்லாச் சான்று கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்; முன்பணம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாக இருந்தால் வேலை எளிது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றம் செய்துவிடலாம். பணம் கைமாறியதும் இதைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். விற்பவருக்கும் அது ஆபத்து: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்கும் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்பவர் தயங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரே உங்களை முந்திக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார்.

பதினைந்து வயதை நெருங்கும் வண்டி மலிவாகக் கிடைக்கும். பதிவு முடிந்து புதுப்பிக்கத் தகுதிச் சோதனை, கட்டணம், அதற்கு முன் செய்ய வேண்டிய டிங்கர் வேலை, பெயிண்ட் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். முதல் காருக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

எந்த வண்டி

இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய வண்டி எதுவோ அதுதான் மலிவான வண்டி. ஆல்டோ, வேகன்ஆர், செலேரியோ, ஸ்விஃப்ட், ஐ10 ஆகியவற்றின் உதிரிபாகம் தென்காசியிலும் கிடைக்கும், புனலூரிலும் கிடைக்கும். இந்தியாவை விட்டுப் போய்விட்ட நிறுவனங்களின் வண்டி பாதி விலைக்கு வரும். ஓட்டவும் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு கதவுக் கண்ணாடி மோட்டாருக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

டீசல் வேண்டுமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்குப் பெட்ரோலே போதும். டீசலில் டர்போ, இன்ஜெக்டர், கனமான கிளட்ச் எல்லாம் பழுதானால் பெரிய செலவு. 2020 ஏப்ரலுக்குப் பின் பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. தினமும் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது சூடேறி எரியாமல் அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். புதிய கார்கள் எல்லாவற்றிலும், சக்கரம் பூட்டி வழுக்காமல் பிடிக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் பல இவை இல்லாமலேயே வந்தன. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800, ஐ10 முதலியவற்றை மோதிச் சோதித்தபோது அவற்றுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. சீசன் சாரலில் நனைந்த புளியரைச் சாலையில், எதிரே மணல் லாரி வரும்போது பிரேக்கை அழுத்திப் பழகப் போகிற புதிய ஓட்டுநருக்கு, அலாய் வீலையும் டச் ஸ்கிரீனையும் விட ஏபிஎஸ்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பொருள். பணம் கொஞ்சம் இழுத்தாலும் 2019-இன் பிற்பகுதிக்குப் பின் வந்த சிறிய பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள்.

வண்டியைப் பார்க்கும் முறை

காலையில் போங்கள், வரும் நேரத்தை விற்பவருக்கு மிகச் சரியாகச் சொல்லாதீர்கள். பானட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் படிந்ததுபோல் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் வேலை இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு, அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நம்ப வேண்டியதில்லை. முப்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்தக் கணக்கு பொய். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். தடம் நிறைய இருந்தாலும் ஆறு, ஏழு ஆண்டு ஆன ரப்பர் இறுகிப்போய் ஈரச் சாலையில் வழுக்கும். நான்கு டயருக்கான பணத்தை அப்போதே விலையிலிருந்து குறைத்துப் பேசுங்கள்.

இந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். கொல்லம், ஆலப்புழைக் கடற்கரையோரம் நின்ற வண்டியின் அடிப்பாகம் உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும். மேலே பெயிண்ட் பளபளத்தாலும், குனிந்து டார்ச் அடித்து அடித்தகட்டின் ஓரங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. அவற்றில் சில இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

ஒருமுறை உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு வண்டி பார்க்க எங்கள் ஊர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டி புதிதுபோல் இருந்தது, உள்ளே மல்லிகை மணம் வீசியது. விற்பவர் இது தண்ணீரையே பார்க்காத வண்டி என்று இரண்டு முறை சொன்னார். மெக்கானிக் பதில் பேசாமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "தம்பி, அந்த பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க" என்றார். பையன் இழுத்தான். வழக்கமாக யாரும் இழுக்காத கடைசி ஒரு சாண் நீளத்தில், தேநீர் கொட்டிக் காய்ந்ததுபோல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு குறுக்கே ஓடியது. பிறகு சீட் தண்டவாளத்தின் அடியில் விரலை விட்டு எடுத்தார்; நகக்கண்ணில் நைசான வண்டல் ஒட்டியிருந்தது. "அண்ணாச்சி, இது வாட்டர் வாஷ்ல போயிருக்கும்" என்று விற்பவர் சமாளித்தார். வாட்டர் வாஷ் தண்ணீர் பெல்ட் சுருளுக்குள் கோடு போடாது. அந்த மெக்கானிக்குக் கொடுத்த சில நூறு ரூபாய், அந்த ஆண்டில் நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

எல்லாம் சரியாக இருந்தால் மலைக்கு ஓட்டுங்கள். சமவெளியில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏசி போட்டபடி இரண்டாம் கியரில் ஏறி, மாநில எல்லையிலுள்ள கோட்டைவாசல் வரை போய்த் திரும்பினால் போதும். ஏறும்போது வெப்பமானி முள் நடுவைத் தாண்டக் கூடாது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்துவிட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே விட்டு இன்ஜினின் பிடியில் வர வேண்டும்; கியர் தானாக வெளியே துள்ளுகிறதா, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். உங்களுக்கு மலையில் கை வரவில்லை என்றால் மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி அருகில் உட்காருங்கள். எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இந்தச் சோதனையைத் தாம் செய்ய நினைக்கவே கூடாது.

இன்சூரன்ஸ்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் புதிய ஓட்டுநருக்குப் பிரீமியம் மிக அதிகமாக இருக்கும் என்று பயமுறுத்துவார்கள். அது அந்த நாடுகளின் கணக்கு. நம் நாட்டில், நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் தேர்ட் பார்ட்டி பாலிசியின் பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. அதில் ஓட்டுநரின் வயதும் அனுபவமும் கணக்கில் வருவதில்லை, இன்ஜினின் அளவுதான் வருகிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி, 1000 சிசி வரை உள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416. அதற்கு மேல் 7,897. இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆகவே 998 சிசி வேகன்ஆருக்கும் 1197 சிசி வேகன்ஆருக்கும் வரியோடு ஏறக்குறைய 1,560 ரூபாய் வித்தியாசம் வருகிறது, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். வண்டி தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தேர்ட் பார்ட்டி இல்லாமல் ஓட்டுவது குற்றம். முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்து எடுக்க வேண்டிய பாலிசி அல்ல இது. நீங்கள் மோதி ஒருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டுக்கு இதில் உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் ஏழரை லட்சம் வரை. புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு இதைவிட முக்கியமான காகிதம் வேறு கிடையாது.

பழைய மலிவு வண்டிக்குத் தேர்ட் பார்ட்டியே போதும், சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் ஃபுல் இன்சூரன்ஸ் வீண் என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கும் அப்படித்தான் காட்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் பத்து ஆண்டுக்குள் உள்ள வண்டியில் உலோக பாகத்துக்கு 40 சதவீதமும், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். கதவு 8,000, பம்பர் 4,000, கூலி 5,000 என்று 17,000 ரூபாய் பில் வந்தால், கதவுக்கு 4,800, பம்பருக்கு 2,000, கூலி முழுதும், அதிலிருந்து நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக 10,800 கிடைக்கும். அத்தோடு, கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். பம்பர் டு பம்பர் எனப்படும் தேய்மானம் கழிக்காத பாலிசியைப் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குட்பட்ட வண்டிக்கே எளிதில் தருகிறார்கள்.

என் கருத்தை மாற்றியது வேறொரு விவரம். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், தனியார் காருக்குள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாம் தரப்பாகக் கருதப்படுவதில்லை. நீங்கள் ஓட்டி விபத்து நேர்ந்தால், பின்சீட்டிலிருந்த அத்தைக்கும் மாமாவுக்கும் உங்கள் பாலிசியிலிருந்து இழப்பீடு கிடைப்பது அரிது. ஃபுல் இன்சூரன்ஸ் எனப்படும் பேக்கேஜ் பாலிசியில் உள்ளிருப்பவர்களுக்கான பொறுப்பும் அடங்கும். குற்றாலத்துக்கும் ஆரியங்காவு கோயிலுக்கும் குடும்பத்தோடு போகத்தான் பெரும்பாலும் முதல் கார் வாங்குகிறோம். ஆகவே தனியாகப் போய் வருகிற வண்டியாக இருந்தால் தேர்ட் பார்ட்டி எடுத்து மிச்சப் பணத்தை டயருக்குப் போடுங்கள். குடும்பம் ஏறும் வண்டியாக இருந்தால் பேக்கேஜ் எடுங்கள், அல்லது குறைந்தபட்சம் பயணிகளுக்கான விபத்துக் காப்பையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மகன் ஓட்டப் போகிற வண்டியை மரியாதைக்காக அப்பா பெயரில் பதிவு செய்வோம். பாலிசியோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லை, ஓட்டுவது மகன் என்றால் அந்தக் காப்பு இருவருக்குமே உதவாது. யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரில் வண்டி இருப்பதே நல்லது. மரியாதையை வேறு வழியில் காட்டிக்கொள்ளலாம்.

எல்எல்ஆர் வைத்திருப்பவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லுமா என்று பலர் கேட்கிறார்கள். செல்லும்; ஆனால் விதி சொல்கிறபடி, முன்னும் பின்னும் எல் எழுத்து ஒட்டி, முறையான லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். பின்சீட்டில் தூங்கும் மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார்.

பழைய வண்டியோடு வரும் பாலிசியை அப்படியே நம்பிவிடக் கூடாது. தேர்ட் பார்ட்டிப் பகுதி வண்டியோடு தானாக வந்துவிடும். சொந்தச் சேதப் பகுதி அப்படி வராது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியுடையது அல்ல. அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். உங்கள் போனஸ் முதல் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் கழிந்தால் 20 சதவீதத்தில் தொடங்கி, ஆண்டுக்காண்டு 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்தது முழுதும் அழிந்துவிடும். இல்லாத போனஸை இருப்பதாகச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்துத் தருவதாக ஏஜென்ட் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்; கிளெய்ம் வரும் நாளில் அந்தப் பொய்யே அதை மறுக்கும் காரணமாகிவிடும்.

பழுது பார்த்த பில்லை இன்சூரன்ஸ் நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் என்பது அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் மட்டும் நடக்கும். பாலிசி எடுக்குமுன் அருகில் எந்த ஒர்க்‌ஷாப் என்று கேளுங்கள். திருநெல்வேலி வரை இழுத்துப் போக வேண்டியிருந்தால் அதுவும் ஒரு செலவு. உள்ளூர் மெக்கானிக்கிடம் செய்தால் பணம் கட்டிவிட்டு, பில் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். ஆனால் வேலை தொடங்குமுன் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்திருக்க வேண்டும். எல்லை தாண்டியதும் பாலிசி செல்லாமல் போகாது; புனலூரில் நேர்ந்த விபத்தும் தென்காசியில் நேர்ந்த விபத்தும் ஒன்றே.

கடைசியாக, மழைக்காலத்துக்கு ஒன்று. நின்ற வண்டிக்குள் வெள்ளம் ஏறிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளச் சேதம் அல்ல, நீங்கள் செய்த சேதம் என்று நிறுவனம் கையை விரிக்கும். இன்ஜினுக்கெனத் தனிக் காப்பு எடுத்திருந்தால்தான் பேச இடமுண்டு. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிக்கொண்டு, வண்டியை லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.